மொத நாள் ஸ்போர்ட்ஸ் கார்: எது கோளாறு, எது கோளாறே இல்ல

வருஷக்கணக்கா போன் வால்பேப்பர்ல மட்டும் பாத்த வண்டி ஒருவழியா வாசல்ல வந்து நிக்கும், அன்னைக்கு சாயந்தரத்துக்குள்ளயே எனக்கு போன் வந்துடும், "இன்னாமோ சத்தம் வருதுண்ணா", "மஞ்சளா ஒரு லைட் எரியுதுண்ணா", "கீழ தண்ணி ஒழுகுதுண்ணா"ன்னு. நமக்கு வேலூர் சத்துவாச்சாரில ஆட்டோ எலக்ட்ரிகல் வேல. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் தோல் யாவாரம், ஷூ யாவாரம் பண்றவங்க, வெளிநாட்லருந்து வந்து செட்டில் ஆனவங்கன்னு இந்த மாதிரி வண்டிங்க இப்ப அங்கங்க கண்ல படுது, ஆனா கம்பெனி சர்வீஸ்னா மெட்ராஸுக்கோ பெங்களூருக்கோதான் போவணும், அதனால மொத நாள் பயம் எல்லாம் நம்ம தலைலதான் வந்து விடியுது.

இங்க நான் சொல்றதெல்லாம் போர்ஷே 718 கேமன வெச்சுதான். என் தங்கச்சி வீட்டுக்காரர் செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது அதான், மச்சான் வண்டிங்கறதால உரிமையா ஒக்காந்து நோண்டிப் பாத்தாச்சு. பாக்ஸ்டரும் கூரை துணிங்கறத தவிர இதேதான். 911க்கு எஞ்சின் இன்னும் பின்னால போயிடும், மத்தபடி முக்காவாசி பொருந்தும்.

மொத நாள்ல வண்டிக்கு ஆவற சேதாரம் பெரும்பாலும் வண்டியால ஆவறது இல்ல, சுத்தி நிக்கற கூட்டத்தால. வண்டி வந்து அரை மணில தெருவே கூடிடும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவாங்க, லாரி ஓட்டற பெரியப்பா ஒண்ணு சொல்லுவாரு, பல்சர் வெச்சிருக்கற பையன் ஒண்ணு சொல்லுவான். எல்லாம் பாசத்துல சொல்றதுதான், ஆனா இந்த வண்டில எஞ்சின் முன்னால இல்ல, சீட்டுக்கு பின்னால நடுவுல இருக்கு, ஆயில் அளக்கற டிப்ஸ்டிக் குச்சி இல்ல, ஸ்டெப்னி இல்ல, அவங்க கைப்பழக்கம் எதுவும் இங்க செல்லாது. மீட்டர்ல லைட் எரிஞ்சா கலர மட்டும் பாருங்க. சிவப்பு, அதுவும் ஆயில் பிரஷரோ கூலன்ட் டெம்பரேச்சரோன்னா ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணிட்டு போன் எடுங்க, அதுக்கு வேற பேச்சே இல்ல. மஞ்சளா இருந்தா பதறாம கீழ படிங்க.

ஸ்டார்ட்டே ஆவல

பட்டன் எங்கன்னு தேடாதீங்க, பட்டன் கெடையாது. ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், கதவ ஒட்டி ஒரு திருகு இருக்கும், பிரேக்க நல்லா அமுக்கிக்கினு, கியர் பி-ல இருக்கான்னு பாத்துட்டு அத திருப்பணும். நம்ம கை பழக்கத்துக்கு இடது பக்கம் டேஷ்போர்டையே தடவிக்கினு இருக்கும்.

திருகு திரும்பலன்னா ஸ்டியரிங் லாக் இறுகியிருக்கும், ஒரு கையால ஸ்டியரிங்க லேசா ரெண்டு பக்கமும் ஆட்டிக்கினே திருப்புங்க. சாவிய கண்டுபிடிக்கலன்னு மீட்டர்ல எழுதி வந்தா, சாவியும் போனும் ஒரே பாக்கெட்ல கெடக்கான்னு பாருங்க, பிரிச்சு வெச்சா பாதி நேரம் சரியாயிடும். அப்பவும் வரலன்னா சாவிக்குள்ள இருக்கற பேட்டரி போயிருக்கும். சிஆர்2032, ஊர்ல எந்த வாட்ச் கடைலயும் கெடைக்கும். இதுக்காக டீலருக்கு போன் போட்டு டென்ஷன் ஆவாதீங்க.

இன்டிகேட்டர் போட்டா வைப்பர் ஆடுது

ஐரோப்பா வண்டிக்கு இன்டிகேட்டர் இடது கை பக்கம். இத்தினி நாளா ஸ்விஃப்ட்டோ ஐ20யோ ஓட்டினவங்களுக்கு கை வலது பக்கம்தான் போவும், கிரீன் சர்க்கிள்ல திரும்பும்போது வெயில்ல வைப்பர் ஆடிக்கினு போறவர பாத்தீங்கன்னா புது ஓனர்னு தெரிஞ்சுக்கலாம். ரிப்பேர் ஒண்ணும் இல்ல. ஆனா காஞ்ச கண்ணாடில தூசியோட வைப்பர் தேய்ஞ்சா கோடு விழும், அதனால மொத நாள் காலைல கண்ணாடிய மட்டும் ஈரத்துணியால தொடச்சிட்டு கெளம்புங்க.

பூஜை முடிஞ்சு ஸ்டார்ட் பண்ணா பின்னால பொகை

மொத நாள் வர்ற போன்லயே அதிகமா பயந்து வர்றது இதான். பக்கத்துல நிக்கறவர் வேற "எஞ்சின் காலி, ஏமாத்திட்டான்"னு ஒரு குண்டு போட்டுட்டு போயிடுவாரு.

என்ன நடக்குதுன்னா, இந்த வண்டில சிலிண்டர் நிமிந்து நிக்கல, ரெண்டு பக்கமும் படுத்துக்கினு இருக்கு. வண்டி நிக்கும்போது கொஞ்சூண்டு ஆயில் பிஸ்டன் ரிங்க தாண்டி சிலிண்டருக்குள்ள கசிஞ்சு நிக்கும், அடுத்த தடவ ஸ்டார்ட் பண்ணும்போது அது எரிஞ்சு ஒரு பொகையா வரும். சூடாவறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணிட்டா இது இன்னும் ஜாஸ்தி. நம்ம ஊர் பூஜைல இன்னா நடக்கும்? ஐயர் வந்து "கொஞ்சம் கெழக்க பாத்து நிறுத்துப்பா"ன்னுவாரு, ஸ்டார்ட் பண்ணி ரெண்டடி நகத்தி ஆஃப், அப்பால போட்டோவுக்காக இன்னும் ரெண்டடி, ஆஃப், எலுமிச்சம்பழம் நசுக்க ஓரடி, ஆஃப். இப்டி பண்ணிட்டு அரை மணி கழிச்சு ஸ்டார்ட் பண்ணா பொகை வராம என்னா வரும்.

ஓட விட்டு பாருங்க. கொஞ்ச நேரத்துல பொகை அடங்கிட்டா விஷயம் முடிஞ்சுது, ஒரு பத்து கிலோமீட்டர் ஒழுங்கா ஓட்டி சூடாக்கிட்டு வந்து நிறுத்துங்க. எஞ்சின் நல்லா சூடான பொறவும் நீலமா பொகை விட்டுக்கினே இருந்தா ஆயில் எரியுது, அத பாக்கத்தான் வேணும். வெள்ளையா, இனிப்பு வாசனையோட, விடாம வந்தா கூலன்ட் உள்ள போவுது, அப்ப ஓட்டவே கூடாது.

ஆயில் லெவல் பாக்கறதுக்கு டிப்ஸ்டிக் தேடி நேரத்த வீணாக்காதீங்க, மீட்டர் ஸ்கிரீன்ல மெனுக்குள்ள போனா காட்டும். ஆயில் ஊத்தற மூடியும் கூலன்ட் மூடியும் பின் டிக்கிக்குள்ள இருக்கு. எஞ்சின கண்ணால பாக்கணும்னு மொத நாளே யாரும் பேனல கழட்ட விடாதீங்க, முன் மூடிய தொறந்து "எஞ்சினே இல்லாம வித்துட்டாம்பா"ன்னு காமெடி பண்றவங்கள சிரிச்சு அனுப்பிடுங்க.

பூஜைய பத்தி இன்னும் ரெண்டு வார்த்த. தேங்கா ஒடைக்கறத வண்டிக்கு முன்னால ஒடைக்க வேணாம், தள்ளி ஓரமா ஒடைங்க. முன் பம்பர்ல ரெண்டு மூலைலயும் வாய் தொறந்த மாதிரி ஓட்டை இருக்கே, அதுக்கு உள்ளதான் ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் எல்லாம், ஃபின் எல்லாம் பேப்பர் கனம்தான், ஓட்டுச் சில்லு தெறிச்சா அவ்ளோதான். மஞ்சளும் குங்குமமும் கண்ணாடில வெய்ங்க, வெள்ளை பெயின்ட் மேலயோ பிபிஎஃப்னு பெயின்ட்ட காப்பாத்தற ஃபிலிம் ஒட்டின எடத்துலயோ வெச்சு வெயில்ல காய விட்டா கறை லேசுல போவாது. கற்பூரத் தட்ட முன் மூடி மேல வெக்கவே கூடாது, பாட்டி கோச்சுக்கினா கூட. எலுமிச்சம்பழம் தாராளமா வெய்ங்க, அந்த டயர் அகலத்துக்கு பழம் தப்பிக்கவே முடியாது.

சத்தம் கேட்ட மாதிரி இல்ல

யூடியூப்ல கேட்ட சத்தம் வேற, வாசல்ல கேக்கறது வேறன்னு ஏமாந்த மூஞ்சியோட நிப்பாங்க. காலைல மொத ஸ்டார்ட்ல ஆர்பிஎம் ஏறிப் போயி கர்ருன்னு கத்தும், கேட்டலிடிக் கன்வர்ட்டர சீக்கிரம் சூடாக்கறதுக்காக வண்டியே பண்றது அது, கொஞ்ச நேரத்துல தானா எறங்கிடும். அதுக்கப்புறம் வர்ற சத்தம் பழைய டீசல் அம்பாசடர் மாதிரி டகடகன்னு இருந்தா அதுவும் கோளாறு இல்ல. 2016ல 718னு பேர் மாத்தும்போது ஆறு சிலிண்டர எடுத்துட்டு நாலு சிலிண்டர் டர்போ போட்டாங்க, ஒலகம் பூரா அப்பவே இந்த சத்தத்த திட்டினாங்க, பின்னாடி ஜிடி4, ஜிடிஎஸ் மாடல்ல 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் திரும்பி வந்துச்சு. சாதா 718 வாங்கினவங்க பழகிக்க வேண்டியதுதான், என்னைக் கேட்டா இழுக்கற இழுப்புக்கு சத்தத்த மன்னிச்சிடலாம்.

சிக்னல்ல எஞ்சின் நின்னுடுது, ஓடும்போதே ஆர்பிஎம் விழுந்துடுது, மெதுவா போனா ஒதறுது

மூணும் வேற வேற, மூணுமே சாதாரணம். சிக்னல்ல நிக்கறது ஆட்டோ ஸ்டார்ட் ஸ்டாப், பிரேக்க விட்டா தானா ஸ்டார்ட் ஆவும். வேலூர் வெயில்ல ஏசி கம்மியாவுதேன்னு தோணிச்சுன்னா நடுவுல இருக்கற பட்டன அமுக்கி ஆஃப் பண்ணிக்கோங்க. ஹைவேல ஆக்சிலேட்டர விட்டதும் ஆர்பிஎம் ஐடிலுக்கு விழறது கோஸ்டிங், கிளட்ச தானே பிரிச்சு விட்டு பெட்ரோல் மிச்சம் பண்ணுது, கால வெச்சா திரும்ப பிடிச்சுக்கும்.

ஒதறல் விஷயம்தான் கொஞ்சம் கவனிக்கணும். பிடிகேங்கறது ஆட்டோமேட்டிக் மாதிரி தெரிஞ்சாலும் உள்ள ரெண்டு கிளட்ச் இருக்கற கியர்பாக்ஸ். காட்பாடி மேம்பாலத்து ஏத்தத்துல முன்னால பஸ் நிக்குது, நீங்க பிரேக்க விட்டுட்டு ஆக்சிலேட்டர லேசா மிதிச்சு வண்டிய அந்தரத்துல புடிச்சு வெக்கறீங்கன்னா கிளட்ச் தேய்ஞ்சுக்கினே சூடாவும், ஒதறும், ரொம்ப போனா மீட்டர்லயே வார்னிங் வந்துடும். ஏத்தத்துல பிரேக்க மிதிச்சு நில்லுங்க, முன்னால ஒரு வண்டி எடம் கெடைச்ச பொறவு ஒரேயடியா போயி நில்லுங்க. இன்ச் இன்ச்சா உருட்டாதீங்க. வார்னிங் வந்துட்டா ஓரம் கட்டி கொஞ்ச நேரம் ஆற விட்டா சரியாயிடும், தெனம் வந்தா தான் செலவு.

முன்னால கீழ கிர்ருன்னு தேய்ஞ்சுது

இதக் கேட்டதும் ஓனர் நெஞ்ச புடிச்சுக்குவாரு. மொதல்ல குனிஞ்சு பாருங்க, பம்பருக்கு அடில கருப்பா வளையற மாதிரி ஒரு ரப்பர் உதடு இருக்கும், அது தேயறதுக்குன்னே வெச்சது, பெயின்ட்டுக்கு மேல அடி வாங்காம அது வாங்கிக்கும், கிழிஞ்சா தனியா மாத்திக்கலாம். அது தேய்ஞ்சா விடுங்க. பெயின்ட் அடிச்ச எடம் கீறியிருந்தா, இல்ல தேய்ஞ்சதுக்கப்புறம் வேகம் போவும்போது கீழ படபடன்னு அடிச்சுக்கினே வந்தா, அடித்தட்டு பிளாஸ்டிக் ஒரு முனை பிச்சுக்கினு தொங்குது. நிறுத்தி ஜிப் டை போட்டு இறுக்கிக் கட்டிட்டு மெதுவா வாங்க, அப்டியே 100ல போனா மொத்த தட்டும் கிழிச்சுக்கினு போயிடும்.

ஸ்பீடு பிரேக்கருக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்னு ஒரு அளவு வெச்சிருக்கு, 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் ஒசரம், வட்டமா மெதுவா ஏறி எறங்கற மாதிரி. அந்த அளவுல போட்டிருந்தா இந்த வண்டி மெதுவா ஏறி எறங்கிடும். நம்ம தெருவுல நைட்டோட நைட்டா மீந்த கான்கிரீட்ட கொட்டி அணைகட்டு மாதிரி போட்டு வெச்சிருக்காங்களே, அதுலதான் மாட்டும். நேரா ஏறாதீங்க, எடம் இருந்தா குறுக்கு வாட்டத்துல ஒவ்வொரு சக்கரமா ஏத்துங்க. மேட்டுல ஏறுன பொறவு பிரேக்க மிதிக்காதீங்க, மிதிச்சா மூக்கு குனியும், குனிஞ்சா இடிக்கும். எறங்கறதுக்கு முன்னாடியே மெதுவாக்கி, பிரேக்க விட்டு உருண்டு எறங்கணும்.

உண்மையான வில்லன் ஸ்பீடு பிரேக்கர் இல்ல, வீட்டு வாசல். ஆம்பூர்ல மச்சான் வீட்ல கால்வாய் மேல போட்ட சரிவு ஆக்டிவாவுக்கு சரி, இந்த வண்டி மூக்கு வாசப்படிய முத்தம் குடுத்துட்டு நின்னுடுச்சு, பின்னால தெருவே சிரிக்குது, மாமியார் ஆரத்தி தட்டோட நிக்கறாங்க. நாலு வீடு தள்ளி கட்டட வேல நடந்துக்கினு இருந்துச்சு, மேஸ்திரிய கேட்டு ரெண்டு சென்ட்ரிங் பலகை வாங்கியாந்து, சரிவு ஆரம்பிக்கற எடத்துல ஒண்ணு மேல ஒண்ணு படி மாதிரி தள்ளி வெச்சு, ஏத்தத்த நீட்டிட்டோம். நான் தரைல படுத்து உதட்டுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவுல எடம் தெரியுதான்னு பாத்துக்கினே "வா வா வா, ஸ்லோ"ன்னு கத்த, மச்சான் வேர்த்து விறுவிறுத்து ஏத்திட்டாரு. ரெண்டு வெரல் எடம் இருந்துச்சு. பலகைய அடுத்த வாரம் வரைக்கும் மேஸ்திரி திருப்பிக் கேக்கல, அதுக்குள்ள சரிவ ஒடைச்சு நீளமா போட்டாச்சு. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடியே வாசல அளக்கறது புத்திசாலித்தனம், ஆனா ஆசைப்பட்டு வாங்கறவங்க யாரும் வாசல அளக்க மாட்டாங்க, தெரிஞ்சதுதான்.

பங்க்குல பெட்ரோல் மூடியே காணோம்

பங்க் பையன் பின்னால போயி சுத்தி சுத்தி வருவான். மூடி முன்னால வலது பக்க ஃபெண்டர்ல இருக்கு. வண்டி லாக்ல இருந்தா தொறக்காது, லாக்க எடுத்துட்டு மூடிய அமுக்கினா வந்துடும். மூடிக்குள்ள ஸ்டிக்கர்ல ஆக்டேன் என்னன்னு, எத்தனால் எவ்ளோ வரைக்கும்னு போட்டிருக்கறத படிச்சிட்டு அதுக்கு ஏத்தத போடுங்க. 98 போடச் சொல்லுவாங்க, கொறஞ்சது 95 வேணும், அதனால எக்ஸ்பி95, பவர்95 மாதிரி போடறது பாதுகாப்பு. சாதா பெட்ரோல தெரியாம போட்டுட்டாங்கன்னா ஒடனே எஞ்சின் வெடிச்சுடாது, சென்சார் பாத்து டைமிங்க கொறச்சுக்கும், இழுவை கம்மியாவும், முழுசா மிதிக்காம ஓட்டிட்டு அடுத்த தடவ நல்லத ஊத்துங்க. டீசல் ஊத்திட்டான்னா மட்டும் ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, அங்கயே நிக்கட்டும்.

ஸ்பாய்லர் வெளிய வரல

பின்னால இருக்கற றெக்கை 120ல தானா வெளிய வரும், 80க்கு கீழ வந்தா உள்ள போவும். நாலு வழிச் சாலைல காருக்கு லிமிட்டு 100. அதனால சட்டப்படி ஓட்டறவங்களுக்கு பெங்களூர் ஹைவேல அது வரவே வராது, வந்துச்சுன்னா போலீஸ் கேமரா பாக்கும். புள்ளைங்களுக்கு காட்டணும்னா நிறுத்திட்டு உள்ள இருக்கற பட்டன அமுக்குங்க. தூக்கி நிக்கும்போது அத புடிச்சு தள்ளறது, அது மேல கைய ஊணி செல்ஃபி எடுக்கறது, ரெண்டையும் தடுங்க. பட்டன அமுக்கியும் வரலன்னா தான் கோளாறு.

கீழ தண்ணி, பின்னால ஃபேன் சத்தம், ஏசி போதல

ஆஃப் பண்ணி பூட்டிட்டு போன பொறவும் பின்னால ஒரு ஃபேன் ஊய்னு ஓடிக்கினு இருக்கும். எஞ்சின் நடுவுல மூடி போட்டு அடைச்ச மாதிரி இருக்கறதால சூட்ட வெளிய தள்ளுது, தானா நிக்கும். கத்திரி வெயில்ல ரொம்ப நேரம் ஓடும், பேட்டரி கழட்டற வேலைலாம் வேணாம்.

தண்ணிய தொட்டுப் பாருங்க. சில்லுன்னு, நெறமில்லாம, வாசனை இல்லாம இருந்தா ஏசி தண்ணி. பிசுபிசுன்னு ரோஸ் கலரா இனிப்பு வாசனை வந்தா கூலன்ட், ஓட்டாதீங்க. வழவழன்னு பழுப்பா இருந்தா ஆயில்.

ஏசி ஓடும்போது நல்லா இருந்து நின்னா மட்டும் சுமாரா இருந்தா, முன் பம்பர் ஓட்டைல டார்ச் அடிச்சுப் பாருங்க. நம்ம ரோட்டோரத்து புளியமரத்து எலை, வேப்பஞ்சருகு, பிளாஸ்டிக் கவரு எல்லாம் உறிஞ்சி உள்ள போயி அடைச்சு வெச்சிருக்கும், செகண்ட் ஹேண்ட் வண்டின்னா முந்தின ஓனர் காலத்துதும் சேத்து. மெதுவா கையால, இல்ல வாக்குவம் வெச்சு எடுங்க. வாட்டர் சர்வீஸ் கடைல பிரஷர் துப்பாக்கிய அதுக்கு நேரா புடிச்சா ஃபின் மடங்கிடும், அப்புறம் ஏசி என்னைக்குமே சுமார்தான்.

டயர் லைட் மஞ்சளா எரியுது

மொத நாள் இது வர்றதுக்கு முக்கால் காரணம், யாரோ காத்து புடிச்சிருப்பாங்க. பங்க் பையன் நாலுக்கும் ஒரே அளவு ஏத்திடுவான். இதுக்கு முன் டயர் வேற சைஸு, பின் டயர் வேற சைஸு, காத்தும் வேற வேற, கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல இருக்கும். காலைல ஓட்டறதுக்கு முன்னாடி, டயர் ஆறி இருக்கும்போது புடிக்கணும். மத்தியானம் ராணிப்பேட்டைலருந்து வந்து நிறுத்திட்டு பாத்தா ரெண்டு மூணு பிஎஸ்ஐ ஏறித்தான் காட்டும், "ஜாஸ்தியா கீது"ன்னு எறக்கிடாதீங்க, நைட்ல ஆறினா கொறஞ்சு போயி காலைல லைட் எரியும்.

உண்மையாவே பஞ்சர்னா, ஸ்டெப்னி கெடையாதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. முன் டிக்கில ஒரு டப்பா பசையும் குட்டி கம்ப்ரஸரும் இருக்கும். ஆணி குத்தின சின்ன ஓட்டைக்குதான் அது, பக்கவாட்டுல கிழிஞ்சா உதவாது, ஊத்தின பொறவு 80க்கு மேல போவக் கூடாது. பள்ளிகொண்டா பக்கம் ஹைவே பஞ்சர் கடைல கழட்ட விடறீங்கன்னா ஜாக்கி எங்க வெக்கணும்னு நீங்களே காட்டுங்க, அடித்தட்டு பிளாஸ்டிக்ல வெச்சா நொறுங்கிடும். இதுல நட் கெடையாது, போல்ட், டார்க் ரென்ச்ல 160 நியூட்டன் மீட்டர் வெச்சு இறுக்கணும், ஏர் கன்ல முழு மூச்சா அடிக்க விடாதீங்க. அப்புறம் லாக் போல்ட்டுக்குன்னு ஒரு குட்டி அடாப்டர் சாவி வரும், செகண்ட் ஹேண்ட் வண்டில மொதல்ல காணாம போறது அதான். டெலிவரி எடுக்கும்போதே டூல் கிட் பைய தொறந்து அது இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மீதி காச அப்பால குடுக்கறேன்னு சொல்லுங்க, கெடைச்சிடும்.

வண்டிய இஸ்துக்கினு போற நெலமை வந்தா ஃப்ளாட்பெட் மட்டும்தான். பின் சக்கரம் ரோட்ல உருளற மாதிரி கொக்கி போட்டு தூக்க வர்றவர திருப்பி அனுப்புங்க. ஹைவேல நின்னுட்டா ஹைவே ஹெல்ப்லைன் 1033 அடிங்க, ஓரமா நிக்கறதுக்கு ரோந்து வண்டியாவது வந்து கோன் வெக்கும்.

டோல்ல கேட் தொறக்கல

சென்னசமுத்திரத்துலயோ பள்ளிகொண்டாலயோ பின்னால லாரி ஹாரன் அடிக்க, முன்னால கட்டை தூக்கல. செகண்ட் ஹேண்ட் வண்டில கண்ணாடில ஒட்டியிருக்கறது பழைய ஓனரோட ஃபாஸ்டாக், அவர் வித்தன்னைக்கே க்ளோஸ் பண்ணியிருப்பாரு. ஃபாஸ்டாக் வேல செய்யலன்னா, 2025 நவம்பர் 15லருந்து யுபிஐல கட்டினா ஒண்ணேகால் மடங்கு. யுபிஐல கட்டிட்டு வாங்க, வந்து பழசை உரிச்சிட்டு உங்க பேர்ல புதுசு போடுங்க.

அதே கையோட பேப்பரையும் பாத்துடுங்க. ஆர்சில பேர் மாத்தற ஃபார்ம் 29, 30ல கையெழுத்து வாங்கியாச்சான்னு மட்டும் எல்லாரும் பாப்பாங்க, இன்ஷூரன்ஸ விட்டுடுவாங்க. வண்டி கை மாறினா தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு கூடவே வந்துடும், சொந்த டேமேஜ் அப்டி வராது, 14 நாளைக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுக்கணும். பெங்களூர் வண்டின்னா அங்க ஆர்டிஓ குடுக்கற என்ஓசி, நம்ம ஊர் லைஃப் டாக்ஸ் வேற, அந்த கணக்க வாங்கறதுக்கு முன்னாடியே போட்டிருப்பீங்கன்னு நம்பறேன்.

ஆண்ட்ராய்டு போன்ல மேப் வரல

வராது. இந்த வண்டி ஸ்கிரீன் ஆப்பிள் கார்ப்ளே மட்டும்தான் எடுக்கும். ப்ளூடூத்ல பாட்டு கேக்கலாம், அவ்ளோதான். முந்தின ஓனர் போன் பேரு லிஸ்ட்ல இருந்தா அழிச்சிடுங்க.

நைட்ல எதுவுமே வேல செய்யல, லைட் கூட எரியல

சொந்தக்காரங்க எல்லாம் வந்து ஒக்காந்து பாத்து, கதவ தொறந்து வெச்சு, பாட்டு போட்டு, உள் லைட், ஹெட்லைட் எல்லாம் எரிய விட்டு, எஞ்சின் ஆஃப்லயே சாயந்தரம் பூரா போவும். செகண்ட் ஹேண்ட் வண்டி யார்டுல நாள்கணக்கா நின்னுட்டு வந்த பேட்டரி, நைட் ஒம்போது மணிக்கு கைய விரிச்சிடும். இப்ப சிக்கல் என்னன்னா, பேட்டரி முன் மூடிக்கு கீழ இருக்கு, முன் மூடி தொறக்கணும்னா கரண்ட் வேணும். ஸ்க்ரூ டிரைவர் வெச்சு நெம்பலாம்னு ஒருத்தர் வருவாரு, அவர மொதல்ல டீ குடிக்க அனுப்புங்க.

சாவிக்குள்ளயே ஒரு இரும்பு சாவி இருக்கு, உருவி ஓட்டுனர் கதவ தொறங்க. கண்ணாடிக்கு ஃப்ரேம் கெடையாது, வழக்கமா கதவு தொறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் எறங்கிக் குடுக்கும், இப்ப எறங்காது, அதனால வெடுக்குனு இழுக்காம பொறுமையா தொறங்க. கால் வெக்கற எடத்துல ஃபியூஸ் பாக்ஸ் மூடி இருக்கும், எந்தப் பக்கம்னு க்ளவ் பாக்ஸ்ல இருக்கற மேனுவல்ல பாத்துக்கோங்க. அதுக்குள்ள செவப்பா ஒரு பிளஸ் முனை இருக்கும், அத வெளிய இழுங்க. இன்னொரு 12 வோல்ட் பேட்டரி எடுத்து, பிளஸ்ஸ அதுல, மைனஸ்ஸ கதவு பூட்டு மாட்டற இரும்பு கொக்கில வெச்சுட்டு, முன் மூடிய தொறங்க. கரண்ட் வந்ததும் அலாரம் அலறும், சாவில அன்லாக் அமுக்கினா அடங்கும், தெருவே எழுந்து வந்தாலும் கண்டுக்காதீங்க. இந்த முனை மூடிய தொறக்க மட்டும்தான், இதுல வெச்சு வண்டிய ஸ்டார்ட் பண்ணப் பாத்தா ஃபியூஸ் போவும். ஜம்ப் குடுக்கறது மேல, மெயின் பேட்டரிலதான். கதவ எல்லாம் தொறந்தே வெச்சுக்கினு வேல பாருங்க, சாவிய முன் டிக்கில வெச்சுட்டு மூடிடாதீங்க.

ஸ்டார்ட் ஆனதும் மஞ்சளா ரெண்டு மூணு லைட் எரியும், பிஎஸ்எம்னு, அதாவது வண்டி சறுக்காம பாத்துக்கற சிஸ்டம் பேர்லயும் ஒண்ணு வரலாம். ஸ்டியரிங் நடு எங்கன்னு மறந்திருக்கும், கொஞ்ச தூரம் நேரா ஓட்டினா பெரும்பாலும் அணைஞ்சிடும். கண்ணாடி பாதியோட நிக்குதுன்னா ஸ்விட்ச முழுசா மேல ஏத்தி கொஞ்ச நேரம் அப்டியே புடிங்க, அப்பால கீழயும் அதே மாதிரி, ரெண்டு கதவுக்கும் தனித்தனியா. வாசல்ல ஐடில்ல ஓட விட்டா பேட்டரி ஏறிடும்னு நெனைக்காதீங்க, காவேரிப்பாக்கம் வரைக்கும் போயிட்டு வந்தாலும் பாதிதான் ஏறும். இதுல இருக்கற ஏஜிஎம் வகை பேட்டரிக்கு ஏத்த, மெதுவா ஏத்தற ட்ரிக்கிள் சார்ஜர் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, சாதா பேட்டரி கடை சார்ஜர்ல வேகமா ஏத்தறேன்னு குடுத்துடாதீங்க. நைட் பூரா போட்டு வெச்சு, காலைலயும் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்து சுத்துச்சுன்னா பேட்டரி செத்துது, புதுசு போட்ட பொறவு அத கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணணும், அதுக்கு கருவி வெச்சிருக்கறவர்கிட்டதான் போவணும்.